நற்றாய், செவிலித்தாய், நம்ம ஆயாம்மா

ரொம்ப நாள் கழிச்சு கடையைத் திறந்திருக்கேன். ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, வீட்டுல அதைவிட ஜாஸ்தி. ஒரு மொக்கைப் பதிவு போட்டு மறுபடி ஆரம்பிக்கலாம்னுதான் இருந்தேன். ஆனா ஒரு மாசமா ஒரு விஷயம் மனசுல ஓடிக்கிட்டே இருக்கு, அதை இறக்கி வெச்சாத்தான் மொக்கையே வரும் போல. அதனால இது கொஞ்சம் சீரியஸ் பதிவு. நீளமும் கொஞ்சம் அதிகம். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உக்காருங்க.

எங்க வீட்டுக் குட்டிக்கு இப்ப ஒரு வயசு பத்து மாசம். எட்டாவது மாசத்துலேர்ந்து கிரெச்சுக்குப் போறா. தங்கமணிக்குக் கிடைச்ச 26 வார மகப்பேறு விடுப்பு, சேத்து வெச்சிருந்த லீவு எல்லாம் தீந்த மறுநாள் சேத்தோம். ரெண்டு பேருக்கும் ஓ.எம்.ஆர்.ல பொட்டி தட்டற வேலை. ஊர்ல இருக்கற பெரியவங்க யாரும் சென்னைக்கு வந்து நிரந்தரமா தங்கற நிலைமைல இல்லை. கிரெச் பேரு இங்க வேண்டாம். நான் சொல்லப்போறது பல கிரெச்சுக்கும் பொருந்தும்.

அங்க ரெண்டு வயசுக்குக் கீழ உள்ளவங்க ரூமை ஒரு அம்மா பாத்துக்கிட்டாங்க. வயசு ஐம்பது இருக்கும். எல்லாருக்கும் அவங்க ஆயாம்மா. எங்க மேடம் வாய்ல அது "யாம்மா". தினமும் கண்ணகி நகர்லேர்ந்து ஷேர் ஆட்டோல வருவாங்க. குட்டிக்கு எந்தச் சாதம் இறங்கும், எந்தச் சத்தம்னா பயம், எப்படித் தட்டினா தூங்குவா எல்லாம் அவங்களுக்கு அத்துப்படி. தூங்க வைக்கும்போது காது மடலைத் தடவிவிட்டா ரெண்டே நிமிஷத்துல கண்ணு சொக்கிடும்னு பெத்தவங்களான எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே ஆயாம்மாதான்.

ரெண்டு மாசம் முன்னாடி ஒரு சாயந்திரம். கூட்டிட்டு வரப் போன தங்கமணியைப் பாத்து குட்டி ஓடி வரலை. ஆயாம்மா கழுத்தைக் கட்டிக்கிட்டு "யாம்மா, யாம்மா"ன்னு ஒரே அழுகை. பிச்சு எடுக்கற மாதிரிதான் வாங்கிட்டு வர வேண்டியதாப்போச்சு. அன்னிக்கு ராத்திரி வரைக்கும் தங்கமணி ஒரு வார்த்தை பேசலை. விளக்கை அணைச்சப்புறம்தான் கேட்டாங்க: "ஏங்க, அவளுக்கு நான் யாரு? பிக்கப் டிரைவரா?"

எனக்குப் பதில் தெரியலை. "அதெல்லாம் ஒண்ணுமில்ல, தூங்கு"ன்னு சொன்னேன். உலகத்துலயே மோசமான பதில் அதுதான்னு கல்யாணமான எல்லா ரங்கமணிக்கும் தெரியும்.

இது எங்க வீட்டு மேட்டர் மட்டும் இல்லைன்னு அடுத்த வாரமே தெரிஞ்சுது. பெத்தவங்க வாட்ஸப் குழுமத்துல ஒரு அப்பா புகார் போட்டார். அவர் பையன் ஆயாம்மாவை "அம்மா"ன்னே கூப்பிடறானாம். உடனே நாலு பேர் "எங்க வீட்டுலயும்", "எங்க வீட்டுலயும்". கிரெச் நிர்வாகம் ரெண்டே நாள்ல ஒரு தீர்வு கண்டுபிடிச்சுது. குழந்தைங்க யார்கிட்டயும் "ஓவரா அட்டாச்" ஆகக் கூடாதாம். அதனால இனிமே மாசத்துக்கு ஒரு தடவை ரூமுக்கு ரூம் ஆளை மாத்துவாங்களாம். ஆயாம்மாவை மாடில மூணு வயசுக்காரங்க ரூமுக்கு அனுப்பிட்டாங்க. அதுக்குக் குழுமத்துல ஏகப்பட்ட கட்டைவிரல். உண்மையைச் சொல்லணும்னா அதுல ஒண்ணு என்னோடது.

மொதல் மூணு நாள் குட்டி தொண்டை கட்டற அளவுக்கு அழுதா. அஞ்சாவது நாள் அழுகை நின்னுபோச்சு. "பாத்தீங்களா சார், செட் ஆயிட்டா"ன்னு மேனேஜர் மேடம் சிரிச்சாங்க. நானும் நிம்மதியா ஆபீஸ் போயிட்டேன். மத்தியானம் மீட்டிங் நடுவுல கிரெச்சோட கேமரா ஆப்பைத் திறந்து பாத்தேன். மத்த குழந்தைங்க எல்லாம் பந்து உருட்டிக்கிட்டிருக்கு. எங்க குட்டி மட்டும் மாடிப்படிக்குப் போட்டிருக்கற சின்ன கேட்டுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கா. அழலை, விளையாடலை, சும்மா உக்காந்திருக்கா. நாப்பது நிமிஷம் கழிச்சுத் திறந்து பாத்தப்பவும் அதே இடம். அன்னிக்குத்தான் நான் போட்ட கட்டைவிரல் என்னைக் குத்த ஆரம்பிச்சுது.

நம்ம பொழப்புல இதுக்கு ஒரு பேர் இருக்கு. மேனேஜ்மெண்ட் கண்ணுக்கு நாம எல்லாரும் "ரிசோர்ஸ்". ஒரு ரிசோர்ஸைத் தூக்கி இன்னொரு ரிசோர்ஸை வெச்சா புராஜெக்ட் ஓடணும். ஆனா அங்ககூட ரெண்டு வாரம் கே.டி. கொடுக்காம யாரையும் ரோல் ஆஃப் பண்ண மாட்டாங்க, பண்ணினா கிளையண்ட் கத்துவான். இங்க கிளையண்டுக்கு இன்னும் முழுசா பேச்சே வரலை. அதனால எஸ்கலேஷனும் இல்லை.

அப்புறம் வழக்கம்போல ராத்திரி உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன். தெரிஞ்சுக்கிட்டதுல முக்கியமானதை மட்டும் சொல்றேன்.

இந்த விஷயத்துல எல்லாரும் மொதல்ல இழுக்கற பேர் ஜான் பௌல்பி. இங்கிலாந்துக்காரர், மனநல மருத்துவர். 1951ல உலக சுகாதார நிறுவனத்துக்காக அவர் எழுதின அறிக்கையை வெச்சுத்தான் "அம்மா வேலைக்குப் போனா குழந்தை கெட்டுப்போகும்"னு ஊரெல்லாம் பேச ஆரம்பிச்சாங்க. ஆனா அவர் அதுல அம்மான்னு மட்டும் எழுதலை, பக்கத்துலயே அடைப்புக்குறி போட்டு, அம்மா இடத்துல நிரந்தரமா இருக்கற வேற ஒருத்தரையும் சேத்துத்தான் எழுதியிருக்கார். ஊர் அந்த அடைப்புக்குறியைப் படிக்கவே இல்லை. அதுக்குள்ள இருக்கற "நிரந்தரமா"ங்கற வார்த்தைதான் எனக்கு முக்கியம்.

இதுல இன்னொரு சங்கதி. பௌல்பியே ஆயாகிட்ட வளந்தவர்தான். வசதியான குடும்பம், அம்மாவைப் பாக்கறதே சாயந்திரம் டீ முடிஞ்சு ஒரு மணி நேரம். தூக்கி வளத்தது மின்னிங்கற பணிப்பெண். அவருக்கு நாலு வயசு ஆகற சமயத்துல மின்னி வேலையை விட்டுப் போயிட்டாங்க. அது தாயை இழந்த மாதிரியான வலின்னு பெரியவரானப்புறம் அவரே சொல்லியிருக்கார். பிரிவைப் பத்தி வாழ்க்கை முழுக்க ஆராய்ச்சி பண்ணின மனுஷனோட மொதல் பெரிய பிரிவு ஒரு ஆயாம்மாவோட பிரிவு!

சரி, குழந்தை ஒரே ஒருத்தரைத்தான் பிடிச்சுக்குமா? ஷாஃபர், எமர்சன்னு ரெண்டு பேர் கிளாஸ்கோல 60 குழந்தைங்களைத் தொடர்ந்து கவனிச்சு 1964ல எழுதினாங்க. ஒண்ணரை வயசு ஆகும்போது ஒரே ஒருத்தரோட மட்டும் ஒட்டிக்கிட்டிருந்த குழந்தைங்க ரொம்பக் கொஞ்சம்தான். மத்ததெல்லாம் அம்மா, அப்பா, தாத்தா பாட்டின்னு ரெண்டு மூணு பேரைப் பிடிச்சு வெச்சிருந்துதுங்க. ஒருத்தர்கிட்ட போற பாசம் இன்னொருத்தர் கணக்குலேர்ந்து கழியறதில்லை. நம்மதான் பேங்க் பேலன்ஸ் மாதிரி நினைச்சுக்கிட்டு வயிறு எரியறோம்.

அமெரிக்கால 1991ல ஆரம்பிச்சு, பத்து இடங்கள்ல, 1,300க்கும் மேல குழந்தைங்களை வெச்சு ஒரு பெரிய ஆய்வு நடந்துது. கிரெச்சுக்குப் போறதால மட்டுமே அம்மாவோட இருக்கற பிணைப்பு பலவீனமாகறது இல்லைன்னு 1997ல முடிவு சொன்னாங்க. பிரச்சினை எங்க வந்துதுன்னா, குழந்தை காட்டற குறிப்பைப் புரிஞ்சு நடந்துக்கறது வீட்டுலயும் கம்மியா இருந்து, அதோட கிரெச்சும் மோசம், அல்லது நேரம் அதிகம், அல்லது ஆளும் இடமும் அடிக்கடி மாறுதுன்னு ஏதாவது ஒண்ணு சேரும்போதுதான். ரொம்ப நேரம் கிரெச்சுல இருந்த குழந்தைங்க கொஞ்சம் அதிகமா முரண்டு பிடிச்சாங்கன்னும் அதே ஆய்வுல பின்னாடி வந்துது. அளவு சின்னதுதான், ஆனா மறைக்கறது நியாயமில்லைன்னு சொல்லிடறேன்.

இஸ்ரேல்ல கிப்புட்ஸ்னு கூட்டுப்பண்ணை ஊர்கள் கேள்விப்பட்டிருப்பீங்க. அங்க பகல்ல எல்லாக் குழந்தைங்களையும் பொது இல்லத்துல "மெட்டாபெலெத்"னு சொல்ற பராமரிப்பாளர்கள்தான் பாத்துப்பாங்க. ஒரு காலத்துல பல ஊர்ல ராத்திரித் தூக்கமும் அங்கயேதான். 1994ல வந்த ஒரு ஆய்வுல ரெண்டு வகையையும் ஒப்பிட்டாங்க. வீட்டுக்கு வந்து தூங்கின குழந்தைங்கள்ல 80 சதவீதம் பேருக்கு அம்மாவோட உறுதியான பிணைப்பு. ராத்திரியும் பொது இல்லத்துலயே தூங்கினவங்கள்ல 48 சதவீதம்தான். பகல் ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி, ராத்திரிதான் வேற. ரெண்டு மணிக்கு முழிச்சு அழும்போது யார் வந்து தூக்கறாங்கங்கறது அவ்வளவு முக்கியம். தங்கமணிகிட்ட இதைப் படிச்சுக் காட்டினேன். "பிக்கப் டிரைவர்தான், ஆனா நைட் டூட்டியும் என்னதுதானே"ன்னாங்க. அந்த வாரத்துல மொதல் சிரிப்பு.

என்னை ரொம்ப உலுக்கினது ஒரு பழைய ஆவணப்படம். ஜேம்ஸ் ராபர்ட்சன், ஜாய்ஸ் ராபர்ட்சன்னு ஒரு தம்பதி 1969ல எடுத்தது. ஜான்னு 17 மாசப் பையன், அம்மா அடுத்த பிரசவத்துக்காக ஆஸ்பத்திரிக்குப் போறதால ஒன்பது நாள் ஒரு காப்பகத்துல இருக்கான். அங்க இருக்கற நர்ஸுங்க நல்லவங்கதான், யாரும் திட்டலை, அடிக்கலை. ஆனா ஷிப்ட் முறை. எந்தக் குழந்தைக்கும் தனக்குன்னு ஒரு ஆள் கிடையாது. ஜான் ஒவ்வொரு நர்ஸ்கிட்டயா போய் ஒட்டிக்கப் பாக்கறான். ஒட்டறதுக்குள்ள ஆள் மாறிடுது. கடைசில ஒரு பெரிய கரடி பொம்மையைக் கட்டிக்கிட்டுப் படுத்துடறான். ஒன்பதாவது நாள் அம்மா வரும்போது அம்மாகிட்டயே போக மாட்டேங்கறான். அதே தம்பதி அவனை மாதிரியே பிரிஞ்சிருந்த வேற நாலு குழந்தைங்களைத் தங்க வீட்டுலயே வெச்சு, அதே முகம் அதே கை பாத்துக்கிட்டப்போ, அவங்க ஏக்கம் இருந்தாலும் உடைஞ்சு போகாம தாக்குப்பிடிச்சாங்க.

ஜான் ராத்திரி பகலா ஒன்பது நாள் இருந்தான், நம்ம குழந்தைங்க சாயந்திரம் வீட்டுக்கு வந்துடுது. ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொல்லலை. ஆனா "ஆளை மாத்திக்கிட்டே இருந்தா அட்டாச்மெண்ட் வராது, அதனால அழுகையும் வராது"ங்கற எங்க கிரெச் யோசனைக்கு நேர் பதில் அந்தப் படத்துல இருக்கு. அழுகை நின்னா செட் ஆயிட்டான்னு அர்த்தம் இல்லை. கேட்டுக்குப் பக்கத்துல நாப்பது நிமிஷம் உக்காந்திருந்ததுக்குப் பேர் செட் ஆகறது இல்லை.

இதையெல்லாம் வெள்ளைக்காரன் சொல்லித்தான் தெரியணுமான்னு யாராவது கேப்பீங்க. நியாயமான கேள்வி. நம்ம சங்கப் பாட்டுல அகத்திணையை எடுத்துக்கோங்க. பெத்தவ நற்றாய், வளத்தவ செவிலித்தாய். ரெண்டு பேருக்கும் தனித்தனி இடம், தனித்தனியா பேசற உரிமை. பொண்ணு காதலனோட போயிட்டா பாலை நிலத்துல தேடிக்கிட்டு நடக்கறது யாரு? செவிலி! தலைவியோட உயிர்த் தோழி யாரு? செவிலியோட மக! ரெண்டாயிரம் வருஷம் முன்னாடி "பொண்ணு செவிலிகிட்ட ஓவரா அட்டாச் ஆகுது, மாசாமாசம் செவிலியை மாத்துங்க"ன்னு எந்த நற்றாயும் கேக்கலை. அவங்களுக்கு ரெண்டு தாய் இருக்கறது இயல்பு. நமக்குத்தான் ஒரு தாய்க்கே சி.சி.டி.வி. வேண்டியிருக்கு.

சரி, அப்ப என்னதான் பண்ணணுங்கற? என் கருத்து இதுதான்:

1. ஒவ்வொரு குழந்தைக்கும் தனக்குன்னு ஒரு ஆள் வேணும். சாப்பாடு, தூக்கம், டயப்பர் எல்லாம் முடிஞ்சவரைக்கும் அவங்க கையாலயே நடக்கணும். அவங்க லீவு போட்டா குழந்தைக்கு ஏற்கனவே பழக்கமான இன்னொருத்தர். எலினார் கோல்ட்ஷ்மீட்ங்கற அம்மா இங்கிலாந்துல வலியுறுத்தின முறை இது. 2008லேர்ந்து அங்க சின்னக் குழந்தைங்க மையங்களுக்கு இது சட்டப்படி கட்டாயம். ரெண்டு வயசுக்குக் கீழன்னா மூணு குழந்தைக்கு ஒருத்தர்ங்கற கணக்கும் உண்டு. எங்க கிரெச்சுல ஒருத்தருக்கு எட்டு.

2. சேக்கும்போது அவசரப்படக் கூடாது. ஜெர்மனில "பெர்லின் முறை"ன்னு ஒண்ணு இருக்கு. மொதல் மூணு நாள் அம்மாவோ அப்பாவோ குழந்தையோட கூடவே கொஞ்ச நேரம் உக்காந்துட்டு, சேந்தே வீட்டுக்குப் போயிடணும். நாலாவது நாள்தான் சில நிமிஷம் தனியா விட்டுப் பாப்பாங்க. நாங்க எப்படிச் சேத்தோம்னு கேக்காதீங்க. மொதல் நாளே ஒன்பது மணி நேரம்.

3. "அங்க பாரு காக்கா"ன்னு சொல்லிட்டு ஓடறதை நிறுத்தணும். நான் ஒரு வருஷம் பண்ணின தப்பு இது. அழாம இருக்கணும்னு நினைச்சு ஓடினேன். குழந்தை அதுல கத்துக்கறது, எப்ப வேணாலும் அப்பா மறைஞ்சுடுவார், கண்ணை எடுக்கக் கூடாதுங்கறதைத்தான். சொல்லிட்டுக் கிளம்பினா அழும். அழட்டும், தூக்கி ஆறுதல் சொல்லத்தான் ஒருத்தர் வேணுங்கறேன்.

4. ஆள் மாறித்தான் ஆகணும்னா சொல்லிட்டு மாறணும். பழையவங்களும் புதியவங்களும் ரெண்டு வாரம் சேந்து இருக்கட்டும். கே.டி. மக்கா, கே.டி.!

5. சம்பளம். இதைத்தான் யாரும் பேச மாட்டேங்கறோம். ஆயாம்மாவோட மாசச் சம்பளம், நாங்க ஒரு குழந்தைக்குக் கட்டற ஃபீஸைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அவங்க ரூம்ல எட்டுக் குழந்தைங்க. கணக்கு நீங்களே போட்டுக்கோங்க. இந்தச் சம்பளத்துக்கு நிரந்தரமா யார் இருப்பாங்க? அடுத்த தெருவுல ஆயிரம் ரூபாய் அதிகம்னா போகத்தான் செய்வாங்க. குழந்தைங்களோட மனசு நிலையா இருக்கணும்னா, அவங்களைத் தூக்கற கைக்கு மாசம் பொறந்தா நிலையா ஒரு தொகை வரணும்.

2017ல மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினப்போ 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கற இடத்துல கிரெச் வசதி இருக்கணும், அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பாக்கலாம்னு கொண்டுவந்தாங்க. 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துலயும் இது இருக்கு. நல்ல விஷயம். ஆனா போய்ப் பாக்கறது அம்மாங்கற மாதிரிதான் 2017 திருத்தம். அப்பாவுக்கு நாலு வேண்டாம், ஒரு தடவையாவது எழுதியிருக்கலாம். இந்தக் குற்ற உணர்ச்சி மொத்தமும் தங்கமணிங்க தலைலயே விழறதுக்கு இதுவும் ஒரு காரணம். அன்னிக்கு ராத்திரி "நான் யாரு"ன்னு கேட்டது அவங்க. எனக்கு அந்தக் கேள்வி தோணவே இல்லைங்கறதை யோசிச்சா வெக்கமா இருக்கு.

"எப்படியும் ஒரு நாள் அந்த ஆயா போகத்தானே போறாங்க? ஒட்டாம இருந்தா வலி கம்மிதானே?"ன்னு மேனேஜர் மேடம் எங்ககிட்ட கேட்டாங்க. அதுல அர்த்தம் இல்லாம இல்லை. நான் சொன்ன பதில்: ஒட்டினவங்க போனா ஒரு தடவை வலிக்கும். ஒட்டவே விடலைன்னா தினமும் ஒன்பது மணி நேரம் வலிக்கும், நமக்கு மட்டும் தெரியாது. பிரிவைத் தாங்கற பலம்கூட, யாரோ ஒருத்தரை நம்பி ஒட்டினதுலேர்ந்துதான் வரும்.

இன்னொரு பக்கம் "பேசாம வீட்டுல இருந்து பாத்துக்க வேண்டியதுதானே"ன்னு அனானி நண்பர்கள் வருவீங்க. வாங்க. ஹோம் லோன் இ.எம்.ஐ. அக்கவுண்ட் நம்பர் தனிமடல்ல அனுப்பறேன்.

கடைசில என்ன ஆச்சுன்னு சொல்லிடறேன். நானும் தங்கமணியும் இன்னும் நாலு வீட்டுக்காரங்களும் போய் உக்காந்து பேசினோம். புகார் போட்ட அந்த அப்பாவும் வந்தார். அவர் வீட்டுலயும் பையன் சரியா சாப்பிடறதில்லையாம். ரெண்டு தடவை பேசினப்புறம், ரெண்டு வயசுக்குக் கீழ உள்ள ரூமுக்கு மட்டும் மாத்தல் கிடையாதுன்னு ஒத்துக்கிட்டாங்க. ஃபீஸ் கொஞ்சம் ஏறுது. ஏத்தற பணம் ஆயாம்மா கைக்குப் போகுதான்னு நாங்க கேப்போம்னும் சொல்லிட்டு வந்திருக்கோம். போகுமான்னு அடுத்த மாசம்தான் தெரியும்.

போன திங்கக்கிழமை ஆயாம்மா கீழ் ரூமுக்குத் திரும்பி வந்தாங்க. குட்டி பாத்ததும் ஓடிப்போய்க் கட்டிக்குவான்னு நினைச்சு மொபைலை வேற வீடியோல வெச்சிருந்தேன். அவ முகத்தைத் திருப்பிக்கிட்டு என் காலைக் கட்டிக்கிட்டா. எனக்கு ஜான் ஞாபகம் வந்துடுச்சு. ஆயாம்மா பக்கத்துல வரலை, தூக்கலை. கொஞ்சம் தள்ளித் தரைல உக்காந்தாங்க. "பாப்பா கோவமா இருக்கு சார். இருக்கட்டும், சொல்லாமப் போனது நாந்தானே. நீங்க கிளம்புங்க, நான் இங்கயேதான் இருப்பேன்"னாங்க.

நாலு சதுரக் கிலோமீட்டர் ஆராய்ச்சி படிச்சிருந்த எனக்கு அதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்லை. குட்டிகிட்ட சொல்லிட்டுக் கிளம்பினேன், காக்கா காட்டலை. மத்தியானம் கேமராவுல பாத்தப்போ ஆயாம்மா மடில படுத்திருந்தா. அவங்க கை காது மடல்ல.

கிரெச்சுல குழந்தையை விட்டிருக்கறவங்க, கிரெச்சுல வளந்தவங்க, உங்க வீட்டு "யாம்மா"வைப் பிரிஞ்சது இன்னும் ஞாபகம் இருக்கறவங்க, பின்னூட்டத்துல எழுதுங்க. கும்மறதுன்னாலும் கும்முங்க, அடுத்தது மொக்கைப் பதிவுதான்.